மாடியில் டவுன்லோடு 88, அப்லோடு 4: கோளாறு வைஃபையிலா, லேப்டாப்பிலா, ஃபைபரிலா?

மாடி_அறை:

வணக்கம். வீட்டில் ஃபைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ் திட்டம். டவுன்லோடு, அப்லோடு இரண்டுக்கும் அதே வேகம்தான் பேச்சு. ஓஎன்டியும் (ஃபைபர் வந்து முடியும் கருவி) ரவுட்டரும் சேர்ந்த ஒரே பெட்டி கீழே ஹாலில், டிவி ஷோகேஸுக்குள் இருக்கிறது. வேலை பார்ப்பது முதல் மாடியில், ஹாலுக்கு நேர் மேலே இல்லாமல் ஓர் அறை தள்ளி. நடுவில் கான்கிரீட் தளமும் ஒரு செங்கல் சுவரும்.

மாடியில் லேப்டாப்பில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் டவுன்லோடு 85 முதல் 88 வரை வருகிறது. அப்லோடு 3, 4, அதிகம் போனால் 6. மீட்டிங்கில் மற்றவர்கள் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. என் குரல்தான் அவர்களுக்கு உடைகிறது.

இதுவரை பார்த்தவை: அதே லேப்டாப்பை ஹாலில் கேபிளில் போட்டால் 94க்கு 94. ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து வைஃபையில் பார்த்தால் அப்லோடு 88. மாடியில் அதே மேசையில் போனில் அப்லோடு 20. ரீஸ்டார்ட், ஃபேக்டரி ரீசெட், சேனலை ஆட்டோவில் விடுவது எல்லாம் ஆயிற்று. லேப்டாப்பில் விண்டோஸ் 11, வைஃபை 5 கார்டு. 5 கிகாஹெர்ட்ஸில்தான் இணைகிறது. ரவுட்டரில் டிரான்ஸ்மிட் பவர் ஏற்கெனவே 100 சதவீதம். இன்னும் சக்தி கூடிய ரவுட்டர் வாங்கினால் சரியாகுமா?

செம்புக்கம்பி:

டவுன்லோடு நன்றாக இருந்து அப்லோடு மட்டும் படுத்துவிட்டால் முதலில் டிரைவரைப் பாருங்கள். டிவைஸ் மேனேஜர், நெட்வொர்க் அடாப்டர்ஸ், வைஃபை கார்டு, ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு. அங்கே லார்ஜ் சென்ட் ஆஃப்லோடு என்று இருந்தால் அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். பெரிய தரவுத் துண்டைச் சிறு பாக்கெட்டுகளாக நறுக்கும் வேலையைக் கணினி கார்டிடம் ஒப்படைக்கும் வசதி அது. கார்டின் டிரைவர் அதில் சொதப்பினால் அப்லோடு மட்டும் விழும்.

இணைப்பு பிபிபிஓஇ வகையாக (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து ரவுட்டர் உள்நுழையும் வகை) இருந்தால் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1492 என்று இருக்க வேண்டும், 1500 அல்ல. சோதிக்க: கமாண்ட் ப்ராம்ட்டில் துண்டாக்காதே என்ற ஆப்ஷனுடன் 1464 பைட் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) அனுப்புங்கள். தலைப்புக்கு 28 சேர்த்தால் சரியாக 1492 ஆகும். அது போய் 1465 போகவில்லை என்றால் எம்டியூ சரி.

அலை_149:

மேலே சொன்ன இரண்டும் உண்மையான கோளாறுகள்தான், ஆனால் இந்த வீட்டில் அவை காரணமாக இருக்க முடியாது. அதே லேப்டாப், அதே டிரைவர், அதே லைன், ரவுட்டர் பக்கத்தில் 88 அனுப்புகிறது. டிரைவர் தவறாக நறுக்கினால் பக்கத்திலும் தவறாகத்தான் நறுக்கும். கேபிளில் 94 வந்ததால் ஃபைபரும் தப்பித்தது. தூரம் கூடும்போது மட்டும் விழுகிறது என்றால் பிரச்சினை காற்றில்தான்.

பெரிய ரவுட்டர் வாங்குவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். டவுன்லோடில் பேசுவது ரவுட்டர், அப்லோடில் பேசுவது லேப்டாப். கோயில் திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கி நாலு தெரு தள்ளியும் கேட்கும். அங்கிருந்து நீங்கள் கத்தினால் மைக் வைத்திருப்பவருக்குக் கேட்காது. இன்னும் பெரிய ஒலிபெருக்கி கட்டினாலும் கேட்காது. வீட்டு ரவுட்டர்கள் பொதுவாக 20 டிபிஎம்முக்கு (சிக்னல் சக்தியின் அளவு) மேல் அனுப்பும். பேட்டரியில் ஓடும் போனும் லேப்டாப்பும் 12 முதல் 18 வரைதான். 3 டெசிபெல் குறைந்தால் சக்தி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. ரவுட்டர் பவரை 100 சதவீதத்தில் வைத்ததால் லேப்டாப்பில் சிக்னல் கோடுகள் நிறையத் தெரிகின்றன, அவ்வளவுதான். அந்தக் கோடுகள் அப்லோடைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அப்படியென்றால் டவுன்லோடு மட்டும் எப்படி 88 வருகிறது, அதற்கும் லேப்டாப் பதில் அனுப்ப வேண்டுமே என்று கேட்கலாம். அனுப்புகிறது. ஆனால் டவுன்லோடில் லேப்டாப் திருப்பி அனுப்புவது "வந்து சேர்ந்தது" என்ற குட்டி ஒப்புகைகளைத்தான். அவை மெதுவான வேகத்திலும் சட்டென்று போய்விடும். பெரிய பாக்கெட்டுகள் அப்படியல்ல. ஒன்று போகவில்லை என்றால் கார்டு சற்றுக் காத்திருந்து மறுபடி அனுப்பும். மறுபடியும் போகவில்லை என்றால் காத்திருப்பின் உச்சவரம்பு இரட்டிக்கும்: 15 இடைவெளி, 31, 63 என்று 1023 வரை. ஓர் இடைவெளி 9 மைக்ரோ நொடிதான், ஆனால் ஒவ்வொரு முறையும் வேகத்தை இறக்கி அனுப்புவதால் அனுப்பும் நேரமும் நீள்கிறது. சராசரியாக 4 எம்பிபிஎஸ் போனாலும் குரல் பாக்கெட்டுகள் சீராகப் போய்ச் சேராமல் கொத்துக் கொத்தாகப் போகும். மீட்டிங்கில் குரல் உடைவது அதனால்தான்.

மூன்று எண்கள் எடுத்துப் போடுங்கள்.

ஒன்று, மாடியில் கமாண்ட் ப்ராம்ட்டில் நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ் கட்டளை. அதில் ரிசீவ் ரேட், டிரான்ஸ்மிட் ரேட், சிக்னல், சேனல். அப்லோடு சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுங்கள். சும்மா இருக்கும்போது எடுத்தால் பழைய எண்ணைக் காட்டும். சிக்னலைச் சதவீதத்தில் சொல்லும். பாதியாக்கி 100ஐக் கழித்தால் டிபிஎம். 60 சதவீதம் என்றால் மைனஸ் 70. பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு நெருக்கமோ சிக்னல் அவ்வளவு பலம்.

இரண்டு, ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகள் பட்டியல். பல ரவுட்டர்களில் ஒவ்வொரு கருவிக்கும் ஆர்எஸ்எஸ்ஐ என்று ஓர் எண் இருக்கும். லேப்டாப் ரவுட்டருக்கு எவ்வளவு சன்னமாகக் கேட்கிறது என்பது அதுதான். போனுக்கும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்று, ரவுட்டருக்கு 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்து அதே நெட்ஷ் கட்டளை. அங்கே டிரான்ஸ்மிட் ரேட் என்ன?

மாடி_அறை:

விளக்கத்துக்கு நன்றி. எடுத்துவிட்டேன்.

மாடியில், அப்லோடு ஓடும்போது: சிக்னல் 62 சதவீதம், ரிசீவ் ரேட் 234, டிரான்ஸ்மிட் ரேட் 29.3. சேனல் 36, அகலம் 80 மெகாஹெர்ட்ஸ். ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் லேப்டாப்புக்கு மைனஸ் 84 காட்டுகிறது, அதே மேசையில் வைத்த போனுக்கு மைனஸ் 76. ரவுட்டருக்கு 2 மீட்டரில் டிரான்ஸ்மிட் ரேட் 433.3, எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் அதற்கு மேல் ஏறவில்லை. டிரைவரில் டிரான்ஸ்மிட் பவர் ஏற்கெனவே ஹையஸ்ட். லார்ஜ் சென்ட் ஆஃப்லோடையும் அணைத்துப் பார்த்தேன், மாற்றம் இல்லை.

அலை_149:

இந்த எண்களில் விடை இருக்கிறது.

சிக்னல் 62 சதவீதம், அதாவது லேப்டாப்புக்கு ரவுட்டர் மைனஸ் 69இல் கேட்கிறது. ரவுட்டருக்கு லேப்டாப் மைனஸ் 84இல் கேட்கிறது. வித்தியாசம் 15 டெசிபெல். போகும் பாதையும் வரும் பாதையும் ஒன்றே. தளமும் சுவரும் இரு பக்கமும் ஒரே அளவுதான் விழுங்கும். அதனால் இந்த 15 முழுக்க இரண்டு கருவிகளின் குரல் வித்தியாசம். 6, 8 என்றால் சாதாரணம். 15 அதிகம். பக்கத்தில் வைத்த போன், அவ்வளவு சின்னப் பெட்டி, லேப்டாப்பைவிட 8 டெசிபெல் சத்தமாகப் பேசுகிறது. இது தலைகீழ்.

29.3 என்பது 80 மெகாஹெர்ட்ஸில் ஒற்றை ஸ்ட்ரீமின் (ஓர் ஆன்டெனா வழியே போகும் தரவு ஓட்டம்) அடிமட்ட வேகம். அந்த அகலத்தில் அதற்குக் கீழே இறங்கப் படி இல்லை. அடுத்து, 2 மீட்டரில் வந்த 433.3. இரண்டு ஆன்டெனா உள்ள வைஃபை 5 கார்டு 2 மீட்டரில் 866.7 காட்ட வேண்டும். 433.3 சரியாக அதில் பாதி, அதாவது ஒரே ஸ்ட்ரீம். கார்டு ஒற்றை ஆன்டெனா வகையாக இருந்தால் அது இயல்பு. மாடல் எண்ணைத் தேடி 2க்கு 2 (அனுப்ப இரண்டு ஆன்டெனா, வாங்க இரண்டு) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஓர் ஆன்டெனா வேலை செய்யவில்லை.

சமீபத்தில் லேப்டாப்பைத் திறந்து ரேம், எஸ்எஸ்டி ஏதாவது மாற்றினீர்களா? ஆன்டெனாக்கள் திரையைச் சுற்றிய சட்டத்துக்குள் இருக்கும். அங்கிருந்து கருப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய கம்பிகள் கீல் வழியாக இறங்கி எம்.2 வைஃபை கார்டின் மேல் பட்டன் மாதிரி குத்தி நிற்கும். அந்த பித்தளைப் பட்டன் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. பக்கத்தில் கைபட்டாலே கழன்றுவிடும். கழன்றது பக்கத்திலேயே கிடப்பதால் லேப்டாப் வைஃபையைக் காட்டும், இணையும், பக்கத்தில் வேகமாகவும் ஓடும். சிக்னலை வாங்கும்போது இரண்டு ஆன்டெனாவில் எது நன்றாகக் கேட்கிறதோ அதைக் கார்டு எடுத்துக்கொள்ளும். அனுப்பும்போது கழன்ற முனை வழியாகவும் சக்தியைத் தள்ளி வீணாக்கும். டவுன்லோடு தப்பித்து அப்லோடு மட்டும் சாவதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் இல்லை.

திறக்கும்போது: ஷட்டவுன், சார்ஜர் கழற்று, பின் மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்று. பட்டனைக் கார்டின் முனைக்கு நேர் மேலே வைத்து நகக்கண்ணால் நேராகக் கீழே அழுத்துங்கள். டிக் என்று உட்கார வேண்டும். சாய்வாக அழுத்தினால் கார்டின் முனை நசுங்கும், பிறகு கார்டையே மாற்ற வேண்டியிருக்கும். ஸ்க்ரூடிரைவர், குறடு வேண்டாம். வாரண்டி பாக்கி இருந்தால் சர்வீஸில் கொடுத்து "ஆன்டெனா கம்பி" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். வைஃபை ஸ்லோ என்று மட்டும் சொன்னால் விண்டோஸை மறுபடி போட்டுத் திருப்பித் தருவார்கள்.

இதற்கு நடுவே ரவுட்டரில் இரண்டு வேலை. 5 கிகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தை 80இலிருந்து 40க்கு இறக்குங்கள். அகலம் குறைந்தால் வேகம் குறையும் என்ற பயம் இங்கே தேவையில்லை. லேப்டாப்பின் அதே சக்தி பாதி அகலத்தில் குவிகிறது, ரவுட்டர் அள்ளும் இரைச்சலும் பாதியாகிறது. 3 டெசிபெல் லாபம். 20க்கு இறக்கினால் 6. இரண்டு ஸ்ட்ரீமுக்கு 40 மெகாஹெர்ட்ஸில் இணைப்பு வேகம் 400 வரை போகும், கையில் 200க்கு மேல் கிடைக்கும். 100 எம்பிபிஎஸ் லைனுக்கு அது தாராளம்.

அடுத்து, பெட்டியை ஷோகேஸிலிருந்து வெளியே எடுத்து உயரமான இடத்தில் வையுங்கள். டிவியின் உலோக முதுகு, பீரோ, கண்ணாடி பதித்த அலமாரி எல்லாம் தடை. ஆன்டெனாவை எல்லாரும் செங்குத்தாக நிறுத்துவார்கள். உளுந்து வடையின் ஓட்டையில் குச்சியைச் செருகியதாக நினைத்துக்கொள்ளுங்கள்: குச்சி ஆன்டெனா, வடை அலை பரவும் வடிவம். குச்சி நிற்கும்போது வடை தரையோடு தரையாகப் பரவும், நேர் மேலே ஓட்டைதான். மாடிக்குப் போக வேண்டுமென்றால் ஆன்டெனாவில் பாதியைப் படுக்க வையுங்கள். டிரான்ஸ்மிட் பவரைப் போல் இது ஒருவழி லாபம் இல்லை. ஆன்டெனா அனுப்பும் திசையில்தான் கேட்கவும் செய்யும், ஆகவே அப்லோடும் ஏறும்.

ஒளி_நூல்:

அலை_149 சொன்னதோடு ஒன்று. ஆன்டெனாவைச் சரி செய்த பிறகும் மீட்டிங் மாலையில் மட்டும் உடைந்தால், காற்றையும் லைனையும் பிரித்துப் பார்க்க இரண்டு பிங் போதும். இரண்டு ஜன்னல் திறந்து ஒன்றில் ரவுட்டர் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1, மற்றதில் வெளியே இணையத்தில் உள்ள 8.8.8.8 (கூகுளின் சர்வர்), இரண்டையும் ஓடவிட்டு ஒரு பெரிய ஃபைலை அப்லோடு செய்யுங்கள். ரவுட்டர் பிங்கே 200, 300 மில்லி நொடிக்கு ஏறினால் வைஃபை. ரவுட்டர் 3இல் நின்று 8.8.8.8 மட்டும் ஏறினால் லைனின் வாசலில் வரிசை நிற்கிறது என்று அர்த்தம். சிசிடிவி கேமரா கிளவுடுக்கு ஏற்றுவது, போன் படங்களை பேக்கப் எடுப்பது இரண்டும் அப்லோடைச் சத்தமில்லாமல் நிரப்பும். ரவுட்டரில் ஸ்மார்ட் கியூ (இந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும்) வசதி இருந்தால் அளந்த அப்லோடில் 90 சதவீதத்தை வரம்பாக வையுங்கள். பழைய கியூஓஎஸ் (எந்தத் தரவுக்கு முன்னுரிமை என்று பிரிக்கும்) அமைப்பு வேறு. அதில் யாரோ எப்போதோ போட்ட அப்லோடு வரம்பு கிடந்தால் அழித்துவிடுங்கள்.

ரவுட்டரின் வைஃபை பாதுகாப்பு டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்று இருக்கட்டும். டிகேஐபி (பழைய குறியாக்க முறை) கலந்திருந்தாலோ டபிள்யூஎம்எம் (வைஃபையில் குரல், வீடியோவுக்கு முன்னுரிமை தரும் வசதி) அணைந்திருந்தாலோ இணைப்பு 54இல் முடங்கலாம். இங்கே 433 வருவதால் அது இல்லை, பின்னால் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

மாடி_அறை:

கார்டு 2க்கு 2தான். மூன்று மாதம் முன்பு ஒரு கடையில் எஸ்எஸ்டி மாற்றியது உண்மை. மூடியைத் திறந்தால் கருப்புக் கம்பி கார்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிறது. சொன்னபடி அழுத்தினேன், டிக் என்று உட்கார்ந்தது.

2 மீட்டரில் இப்போது 866.7. மாடியில் ரவுட்டர் பார்க்கும் எண் மைனஸ் 84 போய் மைனஸ் 75. அப்லோடு 24. அகலத்தை 40 ஆக்கியதும் 37. பெட்டியை ஷோகேஸ் மேல் தூக்கி வைத்து நாலு ஆன்டெனாவில் இரண்டைப் படுக்க வைத்தேன்: மைனஸ் 70, அப்லோடு 68 முதல் 74. ரவுட்டர் பிங் அப்லோடு நடக்கும்போது 8ஐத் தாண்டவில்லை.

பின் அறை இன்னும் பாக்கி. அங்கே போனில் அப்லோடு 5தான். ஹாலில் இருந்து இரண்டு சுவர், ஒரு தளம். ரிப்பீட்டர் போடலாமா, கேபிள் இழுப்பதா?

செம்புக்கம்பி:

என் முதல் யோசனை இங்கே பொருந்தவில்லை, அலை_149 சொன்ன வரிசைதான் சரி: பக்கத்தில் நன்றாக ஓடினால் டிரைவரை விட்டுவிட வேண்டும்.

பின் அறைக்குக் கேபிள். ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் அனுப்பும், வேகம் பாதியாகும். வாடகை வீடு, துளை போட முடியாது என்றால் மட்டும் ரிப்பீட்டர். அப்போதும் பின் அறைக்குள் வைக்காதீர்கள், மாடிப்படித் திருப்பத்தில், ஹால் ரவுட்டர் மைனஸ் 65க்குள் கேட்கும் இடத்தில் வையுங்கள். கரண்ட் லைன் வழியாக இணையம் கடத்தும் அடாப்டர்களை மூன்று ஃபேஸ் வீட்டிலும் இன்வெர்ட்டர் லைனிலும் நம்ப வேண்டாம்.

கேட்6 வகைக் கேபிளில், முழுச் செம்பு என்று அச்சடித்ததை வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் விலை குறைவு, ஆனால் வளைத்தால் ஒடியும். 100 மீட்டர் வரை போகலாம், வீட்டுக்கு 20, 25 போதும். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் சேர்த்து இழுக்காதீர்கள், தனிப் பைப். இரண்டு முனையிலும் டி568பி வரிசை, கிளிப் கீழே இருக்கும்படி பிடித்து இடமிருந்து வலம்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம். எட்டுக் கம்பியும் பின்னைத் தொட வேண்டும். சில பேர் ஆரஞ்சு, பச்சை ஜோடி நாலை மட்டும் அடித்துவிட்டுப் போவார்கள். 100இல் ஓடும், நாளைக்கு 300 திட்டத்துக்கு மாறினால் 94இல் நின்றுவிடும்.

மேலே பழைய ரவுட்டர் இருந்தால் அதையே ஆக்சஸ் பாயின்டாக (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் பெட்டி) போடலாம். அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, டிஹெச்சிபியை (கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி தரும் வசதி) அணைத்து, கேபிளை வான் (WAN) துளையில் அல்ல, லேன் (LAN) துளையில் குத்துங்கள். முகவரியை மாற்றும் முன் டிஹெச்சிபியை அணைத்தால் உள்ளே நுழைய லேப்டாப்பில் கையால் ஐபி கொடுக்க வேண்டிவரும், அதனால் முகவரி முதலில். பெயரும் கடவுச்சொல்லும் கீழே உள்ளதே இருக்கட்டும், சேனல் மட்டும் வேறு: கீழே 36 என்றால் மேலே 149. 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு கீழே 1, மேலே 11, அகலம் 20. மேலே உள்ளதன் டிரான்ஸ்மிட் பவரை நடுத்தரத்துக்கு இறக்குங்கள், இல்லையென்றால் போன் ஹாலுக்கு இறங்கிய பிறகும் அதையே பிடித்துத் தொங்கும்.